பதிவுத் தபால்

தபால் நிலையத்தில் மூன்றரைக்கே பதிவை நிறுத்திவிட்டார்கள்.
ஆகவே உறை என் பையில்,
காலியான சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்.
அப்படியே பாண்டிக்குப் பஸ் ஏறினேன்.
ஜப்பான் படம் போடுகிறார்கள், இலவசம், ஏசி உண்டு.

சாயக் கம்பெனி ஆள் என்பதைச்
சட்டையே சொல்லிவிடும்.
பக்கத்து சீட்காரர் ஜன்னலைத் திறந்தார்,
பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

கறுப்பு வெள்ளை. வெளியே பனி.
மின்விசிறி செய்யும் ஒரு ஆலை.
குளிர்காலத்தில் யாருக்கு விசிறி?
மேலிடம் செக்‌ஷன் அதிகாரியைக் கூப்பிட்டு
பதினெட்டுப் பேரை எழுதித் தா என்கிறது.
வாசலில் தலையில் துணி கட்டிய ஆட்கள்
கை கோத்து நிற்கிறார்கள்.
அவர் ஒவ்வொருவருக்கும் குனிந்துவிட்டு உள்ளே போகிறார்.
இளைஞனுக்கு இவ்வளவு, மேஸ்திரிக்கு இன்னும் கொஞ்சம்.
அங்கே குனிவதற்கு அளவு இருக்கிறது.
நாங்கள் ஒரேயடியாகக் குனிந்து பழகியவர்கள்.

பிறகு மேசையில் அடிக்கோலை வைத்து
ஒவ்வொரு பெயரின் மேலும் நேராக ஒரு கோடு.
கோணல் விழுந்தால் ரப்பரால் அழித்து மறுபடி.
எனக்கு அங்கேதான் வயிற்றைப் பிசைந்தது.

ஏனென்றால் மத்தியானம்
மேனேஜர் கிறுக்கிக் கொடுத்த தாளில்
'மரியசூசன்' என்றிருந்தது.
நான்தான் சொன்னேன்:
சார், மரியசூசை.
தப்பான பெயரில் போனால் லேபர் கோர்ட்டில் நிற்காது.
அவர் என் முதுகில் தட்டினார்.
என்னை யாரும் கேட்கவில்லை.

மரியசூசை எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார்.
பாய்லர் பிரிவு, சங்கச் செயலாளர்.
பக்கத்தில் பேக்கிங் அஞ்சலாட்சி, காண்ட்ராக்ட்.
கீழே ஓடும் இங்கிலீஷை அவளுக்குக்
கிசுகிசுப்பாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.
பாதி படத்தில் இருப்பது,
பாதி எங்கள் கேட்டில் நடந்தது.

அதிகாரி பேனாவைத் திறக்கும்போது கரண்ட் போனது.

"போட மாட்டான் பாரு, கையெழுத்து."
"போடுவான்ணே. வீட்டு லோன் இருக்கும்."
இருட்டில் நாலு பேர் சிரித்தார்கள்.
எனக்கு இன்னும் பதினொரு வருஷம் பாக்கி.

கரண்ட் வந்ததும் பையன் எதையோ அழுத்திவிட்டான்.
படம் தாவி, அங்கே விடிந்துவிட்டது.
அதிகாரி ரயிலடியில் நிற்கிறார், தொப்பியில் பனி.
பின்னால ஓட்டுப்பா என்று கத்தினார்கள்.
ஒன்பதே முக்காலுக்கு ஹால் சாவி குடுக்கணும் சார் என்றான்.

கடைசி பஸ்ஸில் வேறு இடமில்லாமல்
மரியசூசை என் பக்கத்தில்.
அஞ்சலாட்சி முன்னால், பெண்கள் சீட்டில், தூங்கிவிட்டாள்.
அவளுக்கு அவளே எடுத்திருந்தாள்.
"ரெண்டு கடலூர்" என்று இவர் நீட்டினார்.
நான் பர்ஸை எடுப்பதுபோல் எடுத்தேன்.

"சார், நீங்க ஆபீஸ்ல இருக்கறவரு.
சொல்லுங்க, போட்டிருப்பானா?"
அரியாங்குப்பம் போனது. தவளக்குப்பம் போனது.
"தெரியல" என்றேன்.

முள்ளோடை தாண்டி, எல்லைச் செக்போஸ்டில்
ஒரு போலீஸ்காரர் ஏறினார்,
யார் பாட்டில் கடத்துகிறார்கள் என்று பார்க்க.
அத்தனை பேரில் என் பையைத்தான் திறக்கச் சொன்னார்.
டப்பாவை விலக்கினார்.
டார்ச் வெளிச்சம் பழுப்பு உறைமேல் நின்றது,
நான் டைப் அடித்த முகவரிமேல்,
எழுத்துப் பிழை இல்லாத அந்தப் பெயர்மேல்.
"இது என்னா?"
"ஆபீஸ் பேப்பர்."
"சரி, வை."

மரியசூசை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.
அப்போது திரும்பினாரா,
முன்பிருந்தே அப்படித்தான் இருந்தாரா,
நான் கவனிக்கவில்லை.

பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று வந்தது.
அதில் எங்கள் கம்பெனியும் கொஞ்சம் இருந்தது.
மீதி ஆறு ரூபாயைக் கண்டக்டர்
டிக்கெட்டின் பின்னால் எழுதியிருந்தார்.
இறங்கும்போது இருவருமே கேட்க மறந்தோம்.

டிக்கெட் என்னிடம்தான் இருந்தது.